ரோலண்ட் பேசாத டேப்புகள்

ஃபேர்பேங்க்ஸ்
12 ஜூன் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

மேபல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

மூன்று வருஷமாக நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. "திமிங்கிலத்தை எண்ணிக் கணக்குச் சொல்றவளுக்கு இந்த வீட்டுல இடம் கிடையாது" என்று அண்ணன் சொன்ன அன்றைக்கு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும், அதைப் பேச இப்போது எழுதவில்லை. போன் செய்திருப்பேன். ஆனால் போன் முன்னறையில் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் அண்ணன் இருக்கிறார்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். என் வேலை என்னவென்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரில் உறைந்த கடல் மேல் பனிக்கு ஓட்டை போட்டு உள்ளே மைக் இறக்குகிறார்கள். அடியில் போகிற திமிங்கிலங்களின் குரல் டேப்பில் விழுகிறது. அந்த டேப்புகள் இங்கே வருகின்றன. நான் காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுகிறேன். பனி பிளந்து தண்ணீர் தெரிகிற நாளில் பனி விளிம்பில் நிற்பவர்கள் கண்ணால் பார்த்து எண்ணிவிடுவார்கள். பிளவு மூடிக்கொண்டால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் திமிங்கிலங்கள் பனிக்கு அடியில் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேட்டையை அடியோடு நிறுத்தினார்களே ஒரு வருஷம், அப்போது கண்ணால் பார்த்ததை மட்டும் எண்ணி, குறைந்துவிட்டன என்றுதான் நிறுத்தினார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா போனார், வீட்டில் ஒரு துண்டு மக்தக் இல்லாமல், வாயில் வைக்கத் திமிங்கிலத் தோலும் கொழுப்பும் இல்லாமல். நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான். அண்ணன் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது விஷயம். மே மாதம் ஐந்து நாள் பிளவு மூடிக்கிடந்தது இல்லையா? அந்த ஐந்து நாள் டேப்பும் என்னிடம் இருக்கிறது. டேப் மாற்றியவர் உங்கள் தம்பி ரோலண்ட். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் டேப் ரெக்கார்டர் பெட்டியில் வாய் வைத்து நாளையும் மணியையும் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவர் வேலை. அண்ணி, ஊரில் அவர் வாயை யாராலும் மூட முடியாது. கல்யாண வீட்டில் பாதிரியாரையே பேச விடமாட்டார். ஐந்து நாள் டேப்பில் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. டேப் உறை மேல் எழுதி ஒட்டியிருந்த காகிதங்களும் சறுக்குவண்டி தண்ணீரில் இறங்கியபோது உரிந்துவிட்டனவாம்.

மணி தெரியாத டேப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கண்ணால் பார்த்தவர்களின் குறிப்போடு ஒத்துப் பார்க்காவிட்டால் ஒரே திமிங்கிலத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவோம் என்று பயம். டேப்புகள் வரிசை கலையவில்லை. எங்காவது ஒரே ஒரு சத்தத்துக்கு மணி தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நேராகிவிடும். அந்த ஐந்து நாளில் போனவை எத்தனை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், அண்ணன் காதில் விழுந்தால் தப்பாகிவிடும். கூட்டம் கூட்டமாகப் போயின என்று மட்டும் சொல்கிறேன். அவை சேராவிட்டால், ஊர் இத்தனை திமிங்கிலம் பிடிக்கலாம் என்று கொடுக்கிற பங்கு அடுத்த வருஷம் இன்னும் குறையும்.

அந்த நாட்களில் பனி மேல் பெரிதாக என்ன சத்தம் கேட்டாலும் எழுதுங்கள். எப்போது என்றும் எழுதுங்கள். எனக்குக் காது வலிக்கிறது, தலையும் வலிக்கிறது.

மேபல்

* * *

24 ஜூன்

மேபல்,

அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது எண்ணெய் அடுப்பு, அதில் எதைப் போடுவது? நகரத்துக்குப் போய் எல்லாம் மறந்துவிட்டது உனக்கு.

அன்றைக்கு நான் பேசவில்லைதான். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் அவரோடு அதே வீட்டில் இருக்க வேண்டியவள். மூன்று வருஷம் உட்கார்ந்து கோபப்பட உனக்கு நேரம் இருந்தது. எனக்கு வருஷத்துக்கு ஒரு படகுக்குத் தோல் தைக்கவும், வேட்டைக்குப் போகிற எட்டுப் பேருக்குச் சமைத்துப் போடவும்தான் நேரம் இருந்தது.

ரோலண்டைப் பிடித்துக் கேட்டேன். சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பெட்டியில மணி சொல்லச் சொன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அக்கா, பெட்டியிலேர்ந்து கம்பி எங்க போகுது? தண்ணிக்குள்ள. அதுங்க பேசறது கம்பி வழியா மேல வருதுன்னா, நான் பேசறது கீழ போகாதா?"

"போகாதுடா. போனா மேபலுக்குத் தெரியாதா?"

"அவ அங்க ரூம்ல உக்காந்திருக்கா. விளிம்புல நிக்கறவன் நான். மாமாவோட ஆளுங்க நாலடி தள்ளி மூச்சு விடாம உக்காந்திருக்காங்க. அந்த இடத்துல போயி இன்னிக்கித் தேதி இன்னது, மணி இன்னதுன்னு நான் ஒப்பிச்சா, அதுங்க என்ன நெனைக்கும்? யாரோ எண்ணறான்னு நெனைக்காது?"

"மெதுவாச் சொல்லியிருக்கலாமில்ல?"

"மெதுவாச் சொன்னா ஒளிச்சுப் பேசறான்னு நெனைக்கும். அது அதவிட மோசம்."

இவனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? சம்பளம் வாங்கியாகிவிட்டது, மனசாட்சியும் சுத்தமாக இருக்கிறதாம்.

நீ கேட்ட சத்தங்கள். மூடுபனியால் விமானம் வரவில்லை. தெற்குப் பக்கம் ஒருநாள் பனிமேடு சரிந்தது, யாரும் மணி பார்க்கவில்லை. அப்புறம் உன் அண்ணன் சுட்டது. அது ஒன்றுதான் பெரிய சத்தம்.

உனக்குத் தெரியாதில்லையா? ஊரெல்லாம் தெரியும். மூடிய பிளவில் ஒரு சின்ன இடம் வாய் திறந்திருக்கிறது. அவர் கூடாரத்துக்கு எதிரிலேயே. அதில் திமிங்கிலம் ஒன்று மேலே வந்திருக்கிறது. நல்ல பருவம், முதுகு அகலம் என்றார்கள். உன் அப்பாவின் பித்தளைத் துப்பாக்கியால் சுட்டார். உடம்புக்குள் போய் வெடிக்கிற அந்தக் குண்டு பனி விளிம்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவர் படகுத் தலைவராகி வந்த முதல் சந்தர்ப்பம் அது, தப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். இன்றுவரை எடுக்கவில்லை.

எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். படகுத் தலைவன் பனியில் இருக்கும்போது மனைவி வீட்டில் அடங்கி உட்கார வேண்டும், திமிங்கிலம் தன்னைக் கொடுப்பது அவள் வீட்டுக்குத்தான், அவள் பதறினால் அதுவும் பதறும் என்று உன் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே? அன்றைக்குக் குழந்தை மாசக்குக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகிவிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தெருவில் ஓடினேன், மேபல், கத்திக்கொண்டே ஓடினேன். அதே நேரம்தான் அவர் சுட்டிருக்கிறார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னொரு படகுத் தலைவர் ஃப்ளாய்டின் மனைவி மட்டும் கடையில், "கொழந்தை தேவலையா? அன்னிக்கி ரொம்ப ஓடினியாமே" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

குழந்தைக்குச் சரியாகிவிட்டது. உன் அம்மா பெயரை வைத்தாலும் வைத்தோம், உன் அம்மா மாதிரியே என்னை அதிகாரம் செய்கிறாள்.

எட்னா

* * *

ஃபேர்பேங்க்ஸ்
5 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

கிடைத்துவிட்டது! துப்பாக்கிச் சத்தம் நாலாவது டேப்பில் இருக்கிறது. ஆணி அடித்தது போலத் தெளிவாக இருக்கிறது. கார்லிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்தான் எனக்கு மேலே இருப்பவர், நல்ல மனிதர், வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். மணி மட்டும் தெரிந்தால் ஐந்து நாளும் கணக்கில் சேர்ந்துவிடும். அண்ணன் அப்பாவின் கைக்கடிகாரத்தைத்தானே கட்டியிருப்பார்? சுட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பது அப்பாவுக்குப் பழக்கம். அண்ணனும் பார்த்திருப்பார். எப்படியாவது கேட்டு எழுதுங்கள். எனக்காக என்று சொல்லாதீர்கள்.

ரோலண்டிடம் சொல்லுங்கள்: மூன்றாவது டேப்பில் அவர் தும்மியது அப்படியே விழுந்திருக்கிறது. அவ்வளவு மரியாதைக்காரர் தும்மலையும் அடக்கியிருக்கலாம்.

மாசக் விஷயம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. நீங்கள் ஓடாமல் இருந்திருந்தால்தான் நான் திட்டியிருப்பேன். அவள் இப்போது என்ன உயரம்? என்னை நினைவிருக்குமா?

8 ஜூலை

இந்தக் கடிதத்தை அன்றே தபாலில் போடவில்லை.

அண்ணி, ஒன்று கேட்கிறேன், வேறு எதுவும் நினைக்காதீர்கள். அன்றைக்கு வேறு யாராவது சுட்டார்களா? அண்ணன் சுட்ட சற்று நேரத்தில் இன்னொரு சத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பனி அரைபடும் சத்தம் அந்த நேரம் அதிகம். அண்ணனுக்குக் காலடியில் அதிர்வு ஏதாவது தெரிந்ததா?

அவ்வளவுதான்.

மேபல்

* * *

17 ஜூலை

மேபல்,

வேறு யாரும் சுடவில்லை. நீ ஏன் கேட்கிறாய்?

மணி கேட்டுப் பார்த்தேன். "அன்னிக்கி எத்தனை மணிக்குச் சுட்டீங்க?" என்றேன், என்னவோ சாதாரணமாகக் கேட்பது போல. அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"சும்மாத்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போன நேரமும் அதுவும் ஒண்ணா இருந்துச்சான்னு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? அந்தத் திமிங்கிலம் என்னை வேணாம்னுடுச்சு. வேணாம்னது எத்தனை மணிக்கு வேணாம்னா என்ன?"

இப்படித்தான் பேச்சு. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் படுக்கிற மனிதரா அவர்?

அவரோடு வேட்டைக்கு வந்தவர்களில் மூன்று பேர் ஃப்ளாய்டின் படகுக்குப் போய்விட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஊருக்கு இந்த வருஷப் பங்கில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது இலையுதிர் காலத்துக்கு. அந்த ஒன்று எந்தப் படகுக்கு அமையும் என்று எல்லோரும் இப்போதே ஆளுக்கொரு பேச்சு. ஃப்ளாய்டின் மனைவி, வரப்போகிற திமிங்கிலத்துக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிலவறையைக் காலி செய்து, பழைய இறைச்சி எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்து, தரையைச் சுரண்டி வைத்திருக்கிறாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நான் என் நிலவறைப் பக்கமே போகவில்லை. யாருக்காகச் சுத்தம் செய்ய?

உன் அண்ணன் படகை விட்டுவிடப் போகிறார் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லவில்லை. ஆனால் உன் அப்பாவின் படகுக் கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார். யாருக்கோ கொடுக்கிற யோசனை அது. அப்பா தன் கையால் கொடுத்துவிட்டுப் போனது.

பனி அதிர்ந்ததா என்று ரோலண்டைக் கேட்டேன். "அக்கா, அன்னிக்கி முழுக்கப் பனி அரைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதிர்ந்தது எது, அரைச்சது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். பிறகு அவனே கேட்டான், "அவ என்னத்தக் கேட்டாளாம்?"

நானும் அதையேதான் கேட்கிறேன். நீ சுற்றி வளைக்கிறாய். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மேபல். தைத்துத் தைத்து விரலெல்லாம் ஓட்டை. நேராகச் சொல்.

எட்னா

* * *

ஃபேர்பேங்க்ஸ்
26 ஜூலை

அண்ணி,

நேராகச் சொல்கிறேன்.

குண்டு தண்ணீரில் விழவில்லை. பட்டிருக்கிறது.

சுட்ட சத்தத்துக்குச் சற்றுப் பிறகு, தண்ணீருக்குள், அமுங்கினாற்போல இன்னொரு வெடி இருக்கிறது. மேலே நின்றவர்களுக்குப் பனி அரைபடும் சத்தத்தில் அது கேட்டிருக்காது. மைக் அடியில் இருந்ததால் எனக்குக் கேட்கிறது. முதலில் பனி உடைந்தது என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். முந்தின வருஷங்களில் பிடிபட்ட திமிங்கிலங்களின் டேப்பை எடுத்து ஒத்துப் பார்த்தேன். அதே வெடிதான். உடம்புக்குள் வெடித்தால்தான் அப்படிக் கேட்கும்.

அதற்குப் பிறகு அது குரல் கொடுத்தது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. வழக்கமாக அவை கூப்பிடும்போது குரல் கீழிருந்து மேலே ஏறும். இது இறங்கிக்கொண்டே போனது. பனிக்கு அடியில் தள்ளித் தள்ளிப் போய் நின்றுவிட்டது. செத்ததா, பிழைத்து எங்காவது போனதா, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு மற்ற எல்லாம் வாயை மூடிக்கொண்டன. கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு போனவை. ஐந்து நாள் டேப்பில் கடல் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அங்கே மட்டும்தான்.

நான் அழுதேன். கார்ல் வந்து என்ன என்றார். காது வலி என்றேன்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் பட்டுத் தொலைந்தாலும் பங்கில் ஒன்று கழிந்துவிடும். சொன்னால் ஊருக்கு மிச்சமிருக்கிற அந்த ஒன்று போய்விடும். குளிர்காலம் முழுக்க நிலவறைகள் காலி. சொல்லாமல் இந்த டேப்பை மட்டும் கணக்கில் சேர்க்க வழியில்லை. துப்பாக்கிச் சத்தத்தை வைத்து மணி குறித்தால் கார்ல் அந்த இடத்தைக் கேட்பார், எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்கும். டேப்பைச் சேர்க்காமல் விட்டால் அடியில் போன அவ்வளவும் போகவே இல்லை என்று ஆகிவிடும். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பங்கு குறையும்.

எந்தப் பக்கம் போனாலும் நம் ஊருக்குத்தான் அடி. சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் உங்கள் தலையில் இறக்கிவிட்டேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

மேபல்

* * *

4 ஆகஸ்ட்

மேபல்,

அழித்துவிடு.

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன்.

இந்த மனிதரால் இதைத் தாங்க முடியாது. தப்பிவிட்டது என்று நினைத்தே பகலில் படுத்துக் கிடக்கிறார். பட்டது, இழந்துவிட்டோம், ஒரு உயிர் வீணாகிவிட்டது என்று தெரிந்தால் என்ன ஆவார்? ஊர் என்ன சொல்லும்? அவருக்கு வராத ஒன்றுக்காக அவர்கள் கையில் இருக்கிற ஒன்றையும் பிடுங்கினார் என்று சொல்லும். சொல்ல வேண்டியதுதான், நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சொல்வேன்.

அந்த முட்டாள் ரோலண்ட் பெட்டியில் வாய் திறந்து மணி சொல்லித் தொலைத்திருந்தால் நீ இந்தச் சத்தத்தைத் தேடியே இருக்க மாட்டாய். அதுகளுக்கு மரியாதை செய்கிறேன் என்று இங்கே கொண்டுவந்து விட்டான்.

அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். அழித்துவிடு, அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. கடிதத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். ஒன்று கேட்கிறேன். அவர் சுடுவதற்கு முன்னால் அது பயந்துபோய் இருந்ததா? நான் ஓடினேனே, அதனால் அதுவும் பதறியதா? டேப்பில் அது தெரியுமா?

எட்னா

* * *

ஃபேர்பேங்க்ஸ்
11 ஆகஸ்ட்

அண்ணி,

அழிக்கவில்லை. கை போகவில்லை. ஆனால் கார்லிடம் மணி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் டேப்புகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாவம், வேறு வழியில்லை" என்றார். இந்த மாதக் கடைசியில் கணக்கு போகிறது. ஐந்து நாளும் அதில் இருக்காது. நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். இனி இந்த வேலையில் இருப்பேனா என்றும் தெரியவில்லை. எதை எண்ண வந்தேனோ அதையே நானே தள்ளிவிட்டேன். அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

நீங்கள் கேட்டது தெரியும். டேப்பில் நன்றாகத் தெரியும்.

அது பதறவே இல்லை. அந்தச் சின்னத் திறப்புக்கு அடியில் வெகுநேரம் இருந்திருக்கிறது. நிதானமாகக் கூப்பிட்டிருக்கிறது. தூரத்தில் மற்றவை பதில் சொல்லியிருக்கின்றன, போயிருக்கின்றன. இது போகவில்லை. நீங்கள் தெருவில் கத்திக்கொண்டு ஓடிய அந்த நேரத்தில் டேப்பில் அது அவசரமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேலே வந்ததும் அப்படித்தான், தானாக வந்தது.

அண்ணி, அது உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

மேபல்

* * *

20 ஆகஸ்ட்

மேபல்,

அவரிடம் சொல்லிவிட்டேன்.

உனக்காகச் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துப் பங்குக்காகவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். படகின் சட்டத்திலிருந்து தோலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்த தோல். கொடியை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார், சித்தப்பா மகனுக்குக் கொடுக்க. "அது என்னை வேணாம்னு சொன்னப்பறம் நான் எதுக்கு இதை வெச்சுக்கணும்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்கு வாய் நிற்கவில்லை.

"வேணாம்னு யாரு சொன்னது? அது வந்துச்சு. உங்களுக்குத்தான் வந்துச்சு. எனக்கு வந்துச்சு. நீங்க சுட்டது தப்பலை. பட்டுது" என்றேன்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து அங்கேயே, படகுப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இறங்கிக்கொண்டே போன குரலைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு மறுபடி படிக்கச் சொன்னார். முகத்தைத் தோலில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, உன் அப்பா போனபோதுகூட.

நான் சொன்னேன், "யாருக்கும் தெரியாது. மேபல் சொல்லமாட்டா. விட்டுடலாம்."

"எனக்குத் தெரியுமே" என்றார்.

"ஊரு சாப்பாட்டுல மண்ணு விழும்."

"அது சாப்பாட்டுக்குன்னுதான் வந்துச்சு. அதை நான் தொலைச்சுட்டு, இல்லவே இல்லைன்னு இன்னொண்ணப் பிடிக்கறதா? அதுங்க இனி நம்ம பக்கம் ஏன் வரணும்?"

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே போனார். ஊரெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற ரேடியோவை எடுத்தார். எல்லா வீட்டுச் சமையலறையிலும் பகல் முழுக்க அது திறந்துதான் இருக்கும், உனக்குத் தெரியுமே. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அதில்தான் போகும். ஃப்ளாய்டின் மனைவி யாரிடமோ மீன் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஹெர்மன் பேசறேன். மே மாசம் நான் சுட்டது தப்பிடுச்சுன்னு சொன்னேன். தப்பலை. பட்டுருக்கு. பனிக்கடியில போயிருச்சு. எனக்கு இன்னிக்கித்தான் தெரியும். ஊருக்கு மிச்சமிருந்த ஒண்ணு அதோட சரி. அவ்வளவுதான்."

அந்த ரேடியோ அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. பிறகு ஃப்ளாய்டின் குரல் வந்தது. "கேட்டுச்சு, ஹெர்மன்." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் இன்னொரு படகுத் தலைவர், "கேட்டுச்சு" என்றார். ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள். யாரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

இரண்டு நாள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஃப்ளாய்டின் மனைவி வந்தாள். உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். "நெலவறையைச் சொரண்டின கை இன்னும் வலிக்குது எனக்கு" என்றாள். கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப அது வந்துதான் இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். மாசக்கின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடல்நாயும் மீனும் கிடைத்தால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நன்றாக இருக்கப் போவதில்லை, மேபல், நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ரோலண்டுக்கும் இனி வாய் திறக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. அவன் வேலையை அடுத்த வருஷம் யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்கச் சொன்னான்.

தோலை மறுபடி சட்டத்தில் கட்டிவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே கட்டினார்.

நேற்று நான் உனக்கு எழுத உட்கார்ந்தபோது எதிரில் வந்து நின்றார். மூன்று வருஷத்தில் உன் பெயரை முதல்தடவை சொன்னார்.

"மேபலுக்கு எழுதறியா? சாயங்காலம் நாலு இருபதுன்னு எழுது. அப்பா கடிகாரம் ரெண்டு நிமிஷம் முந்தி ஓடும். அதையும் எழுது, கழிச்சுக்கட்டும்."

எழுதிக்கொண்டேன். அவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் என்ன?" என்றேன்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டுச்சுன்னு அவளக் கேளு." பிறகு கையை ஆட்டினார். "வேணாம். எழுதிட வேணாம்னு சொல்லு. வந்து என் எதிர்ல உக்காந்து சொல்லட்டும்."

எட்னா